கலவரத்தைச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கண்டித்தால் என்ன ஆகும்? கண்டனத் தீர்மானம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

ஒரு கும்பல் கடைகளை அடித்து நொறுக்குகிறது. சிலையைச் சாய்க்கிறது, வண்டிகளைக் கொளுத்துகிறது, சில சமயம் ஆளையே அடித்துக் கொன்றுவிடுகிறது. இரண்டு நாள் கழித்துச் செய்தி வருகிறது: வன்முறையைக் கண்டித்து அவையில் தீர்மானம் நிறைவேறியது. படித்ததும் சிலர், புதுச் சட்டம் வந்துவிட்டது, இனிக் கைது வேட்டைதான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். வேறு சிலர், வாய்ப்பந்தல் போடுவதைத் தவிர இவர்களுக்கு என்ன தெரியும் என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். முதல் தரப்பு நினைப்பது நிச்சயமாகத் தவறு. இரண்டாம் தரப்பு நினைப்பது பல நேரம் சரி, சில நேரம் தவறு. எப்போது சரி, எப்போது தவறு என்பதைத் தீர்மானத்தின் வாசகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முதலில் அந்த வாசகம் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

சட்டம் வேறு, தீர்மானம் வேறு

மக்கள் பிரதிநிதிகள் அவையில் செய்யும் வேலைகளில் சட்டம் இயற்றுவது ஒன்று. மசோதா வரும், விவாதம் நடக்கும், வாக்கெடுப்பு முடியும், நாட்டின் தலைவரோ ஆளுநரோ ஒப்புதல் தருவார். அதன்பின் அது எல்லாரையும் கட்டுப்படுத்தும், மீறினால் தண்டனை. தீர்மானம் அப்படியல்ல. ஒரு விஷயத்தில் இந்த அவையின் கருத்து இது என்று பதிவு செய்வதுதான் தீர்மானம். இரங்கல், பாராட்டு, வேண்டுகோள், கண்டனம் எல்லாம் இதில் அடங்கும்.

இந்திய மக்களவையின் நடைமுறை விதிகளில் 171-ஆவது விதி இதைப் பற்றியது. தீர்மானம் ஒரு கருத்தை அறிவிக்கலாம், ஒன்றைப் பரிந்துரைக்கலாம், அரசின் செயலையோ கொள்கையையோ ஏற்கலாம் அல்லது ஏற்க மறுக்கலாம், ஒரு செய்தியைத் தெரிவிக்கலாம், ஒரு நடவடிக்கை வேண்டும் என்று கேட்கலாம், கவனிக்க வேண்டிய ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். தண்டிக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. அரசியலமைப்பு கேட்பதால் கொண்டுவரப்படும் சில தீர்மானங்களுக்குச் சட்ட விளைவு உண்டு. அவசரச் சட்டத்தை நிராகரிக்கும் தீர்மானம் அப்படிப்பட்டது. கும்பல் வன்முறையைக் கண்டிக்கும் தீர்மானம் அந்த வகை இல்லை.

நம்பிக்கையில்லாத் தீர்மானத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அரசின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி; நிறைவேறினால் அரசு போய்விடும். கண்டனத் தீர்மானம் நிறைவேறினால் அன்று மாலை யாருடைய நாற்காலியும் ஆடாது.

அமெரிக்காவில் இந்த வேறுபாட்டை மூன்று படிகளாக வைத்திருக்கிறார்கள். ஒரே அவை தன் கருத்தைச் சொல்வது எளிய தீர்மானம். இரண்டு அவைகளும் சேர்ந்து சொல்வது இணைவுத் தீர்மானம். இந்த இரண்டுமே அதிபரிடம் போவதில்லை, இவற்றுக்குச் சட்ட வலுவும் இல்லை. மூன்றாவது கூட்டுத் தீர்மானம். அது அதிபரின் கையெழுத்துக்குப் போகும்.

பெயரளவு வேறுபாடு போலத் தெரிந்தாலும், எந்தப் படியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேயே அரசியல் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 11, 12 தேதிகளில் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதக் குழுக்கள் திரண்டு வன்முறை வெடித்தது. எதிர்ப்புத் தெரிவிக்க வந்தவர்கள் மீது ஒருவர் காரை ஏற்றியதில் ஒரு பெண் இறந்தார். அதற்குப் பிறகு அதிபர் டொனால்டு டிரம்ப் பேசிய பேச்சு, இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் வைக்கிறார் என்ற எதிர்ப்பைக் கிளப்பியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் எளிய தீர்மானம் ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். வெள்ளை இன மேலாதிக்கவாதிகள், கு கிளக்ஸ் கிளான், நவ நாஜிகள் என்று குழுக்களைப் பெயர் சொல்லியே எழுதினார்கள். இரு அவைகளிலும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய அந்தத் தாளில் செப்டம்பர் 14 அன்று அதிபர் கையெழுத்திட்டார். யாருக்கும் அதனால் ஒரு நாள் சிறைகூட இல்லை. ஆனால் கையெழுத்திடுவதா மறுப்பதா என்று அதிபரே வெளிப்படையாக முடிவு செய்தாக வேண்டிய இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த வடிவம்தான்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கண்டனம்

இது நவீன ஜனநாயகத்தின் கண்டுபிடிப்பு அல்ல. கி.மு. 52 ஜனவரியில் ரோமுக்கு வெளியே ஆப்பியன் சாலையில் இரண்டு அரசியல் எதிரிகளின் ஆட்கள் மோதிக்கொண்டார்கள். குளோடியஸ் என்ற பிரபலத் தலைவர் கொல்லப்பட்டார். மறுநாள் அவருடைய ஆதரவாளர்கள் உடலைத் தூக்கிக்கொண்டு, செனட் என்ற ரோம ஆட்சிமன்றத்தின் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்த பெஞ்சுகளையும் மேசைகளையும் ஏடுகளையும் குவித்துச் சிதை மூட்டினார்கள். உடலோடு செனட் கட்டடமும் எரிந்து சாம்பலானது. கும்பல் அத்தோடு நிற்காமல் லெப்பிடஸ் என்ற முக்கியப் புள்ளியின் வீட்டையும் தாக்கியது.

தன் கூரையையே இழந்த செனட் பின்னர் ஒரு தீர்மானம் போட்டது. ஆப்பியன் சாலைக் கொலை, செனட் கட்டட எரிப்பு, லெப்பிடஸ் வீட்டுத் தாக்குதல் ஆகிய மூன்றும் அரசுக்கு எதிராகச் செய்யப்பட்ட செயல்கள் என்று அறிவித்தது. சட்டம் இயற்றுபவர்கள் கும்பல் வன்முறையையும் சூறையாடலையும் முறைப்படி கண்டித்ததற்கு இதைவிடப் பழைய, இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கொலைக் குற்றச்சாட்டில் நின்ற, குளோடியஸின் எதிரி மைலோவுக்காக வாதாடியவர் செனட் உறுப்பினரும் புகழ்பெற்ற பேச்சாளருமான சிசரோ. செனட்டே கண்டித்துவிட்டது, அப்புறம் என்ன வாதம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. சிசரோ சொன்ன பதிலின் சாரம் இது: நானும் அந்தத் தீர்மானத்துக்கு வாக்களித்தவன்தான், நடந்த செயலை நான் குறித்தேன், குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுவைத்தேன். அவர் வழக்கில் தோற்றார், மைலோ நாடு கடந்து மசிலியாவுக்குப் போனார். ஆனால் வழக்குக்காகச் சொன்ன அந்த வாதம் கண்டனத் தீர்மானத்தின் இலக்கணமாகவே நிற்கிறது. அவை செயலைக் குறிக்கும். ஆளை நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் வேலை.

ரோமில் தீர்மானத்தோடு கதை முடியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ரோமத் தளபதி பாம்பி (Pompey) தனி ஆட்சித்தலைவராக நியமிக்கப்பட்டு, வன்முறை வழக்குகளுக்கென்றே தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் கொண்டுவந்தார். கொலை செய்த தரப்பு, எரித்த தரப்பு என்று பாராமல் இரண்டு பக்கத்திலும் தண்டனை விழுந்தது. எரிப்பைத் தூண்டியவர்களில் ஒருவரான டிரிப்யூன் என்ற மக்கள் பிரதிநிதிப் பதவியில் இருந்த பர்சா, பதவிக்காலம் முடிந்ததும் சிசரோவாலேயே குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனை பெற்றார்.

அவை ஏன் ஆளைத் தண்டிக்கக் கூடாது?

வன்முறை நடந்து கோபம் கொதிக்கும் நேரத்தில் இப்படி ஒரு கேள்வி வரும்: இவ்வளவு பேர் கூடியிருக்கிறார்கள், வீடியோவும் இருக்கிறது, அவனைக் குற்றவாளி என்று அவையே அறிவித்தால் என்ன?

அந்தச் சோதனையையும் ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றவாளி என்று சட்டம் போட்டுத் தலையை வாங்கும் அதிகாரம் இருந்தது. 1641-இல் மன்னர் முதலாம் சார்லஸின் அமைச்சர் ஸ்ட்ராஃபோர்டு பிரபு மீது தேசத்துரோக விசாரணை நடந்தது. சாட்சியம் போதவில்லை. உடனே விசாரணையை ஓரம்கட்டிவிட்டு, அவர் குற்றவாளி என்று நேரடியாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த நாள்களில் நாடாளுமன்றத்துக்கு வெளியே பெருங்கூட்டம் திரண்டு அவருடைய தலையைக் கேட்டது. எதிர்த்து வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டி மிரட்டியது. மே 12 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. கும்பலைக் கண்டிக்க வேண்டிய அவை கும்பலின் ஆயுதமாகவே ஆன கதை இது. இத்தகைய அனுபவங்களிலிருந்து பாடம் படித்துத்தான், தனிநபரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை மத்திய நாடாளுமன்றமோ மாநிலங்களோ இயற்றக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பு வெளிப்படையாகத் தடுத்துவைத்திருக்கிறது.

இப்போது நல்ல தீர்மானங்கள் பெரும்பாலும் செயலைத்தான் பேசும், ஆளைப் பேசாது. தீர்மானத்தில் ஒருவரின் பெயர் குற்றவாளியாக வந்துவிட்டால், நாளை நீதிமன்றத்தில் அவருடைய வழக்கறிஞருக்கு அதுவே முதல் ஆயுதம்: விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்!

ஒரு மாதிரித் தீர்மானத்தைப் பிரித்துப் பார்ப்போம்

எந்த நாட்டு அவையானாலும் தீர்மானத்தின் உடல் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பாதி காரணங்களை அடுக்கும். இரண்டாம் பாதி முடிவைச் சொல்லும். பேச்சுக்காக நானே ஒன்றை எழுதிப் பார்க்கிறேன்:

"சென்ற வாரம் நகரின் பல பகுதிகளில் கும்பலாகத் திரண்டவர்கள் பொதுச் சொத்துகளையும் தனியார் கடைகளையும் சேதப்படுத்தியதாலும், அதில் உயிர்கள் பறிபோனதாலும், அமைதியாகக் கூடும் உரிமை அனைவருக்கும் உண்டு என்பதாலும், பிறர் உடலுக்கும் உடைமைக்கும் கேடு செய்வது அந்த உரிமையில் அடங்காது என்பதாலும், இந்த அவை அவ்வன்முறையைக் கண்டிக்கிறது, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கிறது, பொறுப்பானவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்துமாறு அரசை வலியுறுத்துகிறது, இழப்பீட்டுத் திட்டத்தை 60 நாளுக்குள் அவையின் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறது."

செய்தியில் வருவது 'கண்டிக்கிறது' என்ற ஒரு வினை மட்டும். படிக்க வேண்டியது எல்லா வினைகளையும். கண்டிக்கிறது, வருத்தம் தெரிவிக்கிறது ஆகிய இரண்டும் அவை தனக்குத்தானே பேசிக்கொள்வது. அவற்றை யாரும் நிறைவேற்ற வேண்டியதில்லை. 'வலியுறுத்துகிறது' என்பதில் முதன்முதலாக எதிரே ஓர் ஆள் வருகிறார்: அரசு. ஆனால் எப்போதுக்குள் என்று கேட்டால் பதில் இல்லை. கடைசி வரியில்தான் ஆள், வேலை, கெடு மூன்றும் இருக்கின்றன. 61-ஆவது நாள் ஓர் உறுப்பினர் எழுந்து, திட்டம் எங்கே என்று கேட்க அந்த வரி இடம் தருகிறது. சட்டப்படி அரசு அதற்குக் கட்டுப்பட்டதல்ல. இருந்தாலும் பதில் சொல்லாமல் நழுவுவது கடினம்.

கண்டிப்பு மட்டும் உரத்து ஒலித்து, கேட்டுக்கொள்வது எதுவும் இல்லாத தீர்மானம் என்றால் வாய்ப்பந்தல் என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன்.

காரணங்களின் பகுதியையும் ஓட்டமாகத் தாண்டிவிட வேண்டாம். எதை எழுதியிருக்கிறார்கள் என்பதோடு எதை விட்டிருக்கிறார்கள் என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும். இறந்தவர்கள் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் உடைந்த கண்ணாடி பற்றி மூன்று வரி இருக்கலாம். கடை எரிந்தது இருக்கும். காவல்துறை வர மூன்று மணி நேரம் ஆனது இருக்காது.

கும்பல் என்பது யார்?

மாதிரித் தீர்மானத்தில் அமைதியாகக் கூடும் உரிமை பற்றி ஒரு வரி வருகிறது அல்லவா? அழகுக்காகப் போட்டதல்ல. அந்த வரி இல்லாத கண்டனத் தீர்மானத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஆயிரம் பேர் ஊர்வலம் போகிறார்கள், அதில் முப்பது பேர் கல்லெறிகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 970 பேரும் கும்பலா? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவு அமைதியாகக் கூடும் உரிமையைப் பாதுகாக்கிறது. அதற்கு விளக்கமாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-இல் வெளியிட்ட 37-ஆவது பொதுக் கருத்துரை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பங்கேற்ற சிலர் ஆங்காங்கே செய்த வன்முறையால் கூட்டம் முழுவதும் வன்முறைக் கூட்டமாகிவிடாது. அடுத்தது, வெறும் தள்ளுமுள்ளும், போக்குவரத்துக்கோ அன்றாட வேலைக்கோ ஏற்படும் இடையூறும் வன்முறை ஆகாது. காயத்தையோ மரணத்தையோ சொத்துக்குக் கடும் சேதத்தையோ உண்டாக்கக்கூடிய பலப்பிரயோகம்தான் வன்முறை.

தண்டனைச் சட்டங்கள் தலை எண்ணியே தொடங்குகின்றன. இங்கிலாந்தின் 1986-ஆம் ஆண்டு பொது ஒழுங்குச் சட்டப்படி 12 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பொது நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினால் அல்லது மிரட்டினால்தான் கலகக் குற்றம். அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. இந்தியாவில் சட்டவிரோதக் கூட்டம் என்பதற்கு 5 பேர் போதும். பழைய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படித்தான். எண்ணிக்கையோடு பொது நோக்கத்தையும் நிரூபிக்க வேண்டும். அந்த 12 என்ற எண்ணுக்குப் பெரிய வரலாறு உண்டு. 1715-இல் நடைமுறைக்கு வந்த பழைய ஆங்கிலேயக் கலகச் சட்டத்தில், 12 பேரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் அவர்கள் முன்னால் நடுவர் ஒருவர் போய் நின்று கலைந்து போகும்படி அறிவிப்பை உரக்க வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனைக் குற்றம். கல் பறந்துகொண்டிருக்கும்போது அரசின் தாளை எடுத்து நிதானமாக வாசித்த அந்த நடுவர்களின் நிலைமையை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. 1967-இல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள்.

சட்டம் இவ்வளவு அளந்து பேசும்போது, கண்டனத் தீர்மானம் மட்டும் கும்பல், சமூக விரோதிகள் என்று பொத்தாம்பொதுவாகப் போர்த்திவிடலாம். தீர்மானத்துக்குச் சாட்சியம் தேவையில்லை, குறுக்கு விசாரணை இல்லை. அதனாலேயே அமைதியாகப் போராடியவர்களையும் சேர்த்துக் கரி பூசுவதற்கு அது வசதியான கருவியாகவும் இருக்கிறது.

சண்டை நடப்பது சொல்லில்

வன்முறை கெட்டது என்பதில் எந்த உறுப்பினருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. பிறகு ஏன் இத்தகைய தீர்மானங்கள் அடிக்கடி தோற்கின்றன? யாரால் வந்தது, யார் தடுக்கத் தவறினார்கள் என்ற இரண்டு கேள்விகள் நுழைந்த மறுநிமிடம் ஒருமனது உடைந்துவிடுகிறது.

2020-இல் அமெரிக்காவெங்கும் போராட்டங்கள் நடந்தன. சில இடங்களில் கடைகள் சூறையாடப்பட்டன, சிலைகள் சாய்க்கப்பட்டன. அந்த ஜூலையில் அமெரிக்க மேலவையான செனட்டின் உறுப்பினர் மைக் லீ கும்பல் வன்முறையைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்றை ஒருமனதான ஒப்புதலுக்கு வைத்தார். இந்த வழியில் வந்தால் விவாதமோ வாக்கெடுப்போ தேவையில்லை. ஆனால் ஒரே ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். செனட்டர் பாப் மெனென்டெஸ், அதிபர் உட்பட மக்கள் பிரதிநிதிகளே வன்முறையைத் தூண்டக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். லீ இணங்கவில்லை. தீர்மானம் அங்கேயே நின்றது. கும்பலைக் கண்டிப்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஒரு வரிதான் தடை.

இந்தியாவில் 2002-இல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். குஜராத் வன்முறை பற்றி மக்களவையில் எதிர்க்கட்சிகள் 184-ஆவது விதியின்கீழ் வாக்கெடுப்போடு கூடிய விவாதத்தைக் கொண்டுவந்தன. நிர்வாகத்தின் தோல்வியைச் சுட்டிய அந்த முன்மொழிவு விடிய விடிய நடந்த விவாதத்துக்குப் பின் தோற்கடிக்கப்பட்டது. சில நாள் கழித்து மாநிலங்களவை வேறு வாசகத்தோடு ஒன்றை எடுத்துக்கொண்டது. வன்முறை நீடிப்பதற்கு ஆழ்ந்த வேதனை தெரிவித்து, அரசியலமைப்பின் 355-ஆவது பிரிவின்கீழ் தலையிட்டு மக்களின் உயிரையும் உடைமையையும் காக்குமாறு மத்திய அரசை அது வலியுறுத்தியது. அரசுத் தரப்பும் இதை ஏற்றுக்கொண்டதால் ஒருமனதாக நிறைவேறியது. பொருள் ஒன்றே. முதலாவதில் அரசு குற்றம்சாட்டப்பட்ட இடத்தில் நின்றது, இரண்டாவதில் வேலை ஒப்படைக்கப்பட்ட இடத்தில் நின்றது.

ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம்தான் வலிமையானது என்று எண்ணத் தோன்றும். நான் அப்படி நினைப்பதில்லை. எல்லாரும் கையெழுத்திடும் அளவுக்கு வாசகத்தைத் தேய்த்திருப்பார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எப்படி வாக்கெடுத்தார்கள் என்பதும் முக்கியம். குரல் வாக்கெடுப்பில் 'ஆம்' என்ற ஓசைதான் பதிவாகும். யார் சொன்னார், யார் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது பதிவாகாது. பெயர் வாரியாக எண்ணிய வாக்கெடுப்பில் ஒளிய இடமில்லை.

கண்டித்துவிட்டுச் சட்டம் இயற்றாவிட்டால்

இந்தத் துறையில் மிகவும் வெட்கப்பட வேண்டிய கதை அமெரிக்காவில் கும்பல் கொலைகளின் கதை. 1882 முதல் 1968 வரை பதிவானவை மட்டும் 4,742 பேர். பலியானவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மட்டும் இதைத் தடுக்க ஏறக்குறைய 200 மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. 1922 ஜனவரியில் லியோனிடஸ் டயர் கொண்டுவந்த மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசியே நேரத்தைக் கொன்று அதை வீழ்த்தினார்கள். 1920-க்கும் 1940-க்கும் இடையில் பிரதிநிதிகள் அவை மூன்று முறை நிறைவேற்றியும் செனட் ஒன்றைக்கூடச் சட்டமாக்கவில்லை. இத்தனைக்கும் கும்பல் கொலை தவறு என்று மேடையில் பேசிய அரசியல்வாதிகள் இருந்தார்கள். அதற்கும் வெகு முன்பே, 1838 ஜனவரியில், இலினாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த 28 வயது ஆபிரகாம் லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆற்றிய உரையில் கும்பல் ஆட்சிதான் இந்த நாட்டுக்கு உள்ளிருந்து வரும் ஆபத்து என்று எச்சரித்திருந்தார். கும்பல் தண்டனையின்றித் தப்பும் ஊரில் நல்லவர்களுக்கும் அரசின்மீது பற்றுப் போய்விடும் என்பது அவருடைய வாதம்.

2005 ஜூன் 13 அன்று செனட் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்த முறை கும்பலைக் கண்டிப்பதற்கு அல்ல. கும்பல் கொலைக்கு எதிரான சட்டத்தை இயற்றத் தவறியதற்காகப் பலியானவர்களிடமும் அவர்களின் வழித்தோன்றல்களிடமும் மன்னிப்புக் கேட்பதற்கு. அதையும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேற்றினார்கள். நூறு செனட்டர்களும் அதில் இணை முன்மொழிவாளராகச் சேரவும் இல்லை.

சட்டம் வர இன்னும் 17 ஆண்டு ஆனது. 1955-இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் பெயரைத் தாங்கிய சட்டத்தில் 2022 மார்ச் 29 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். கும்பல் கொலைச் சதிக்கு அதிகபட்சம் 30 ஆண்டு சிறை. டயரின் மசோதா கீழவையில் நிறைவேறியதிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

இந்தியாவில் உந்துதல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2018 ஜூலை 17 அன்று தெஹ்சீன் பூனாவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் கும்பல் ஆட்சியை அனுமதிக்க முடியாது என்று சொல்லி, கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு அப்படி ஒரு குற்றத்தைச் சேர்த்திருக்கிறது: இனம், சாதி, சமூகம், பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காக 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொலை செய்தால் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. சொத்துச் சேதத்துக்கு 1984-ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது.

தீர்மானம் இல்லாமலும் கண்டிக்கலாம்

2011 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பரவிய கலவரத்தின்போது கோடை விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தை 11-ஆம் தேதி அவசரமாகக் கூட்டினார்கள். பிரதமரின் அறிக்கை, பிறகு நெடு நேரம் கேள்விகள். பிரேசிலில் 2023 ஜனவரி 8 அன்று கும்பல் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம், அதிபர் மாளிகை மூன்றையும் சூறையாடியது. தலைநகரின் பாதுகாப்பை மத்திய அரசு ஏற்கும் ஆணையை அதிபர் லூலா பிறப்பித்தார். மறுநாள் கீழவையும் அதற்கு அடுத்த நாள் செனட்டும் உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவே கூடி அதற்கு ஒப்புதல் தந்தன. இரு அவைகளின் கூட்டு விசாரணைக் குழு ஒன்று அக்டோபரில் அறிக்கையும் கொடுத்தது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கும்பல் நுழைந்தபோது தேர்தல் வாக்குகளை எண்ணும் கூட்டம் பாதியில் நின்றது. அன்றிரவே உறுப்பினர்கள் திரும்பி வந்து, விடிவதற்குள் எண்ணி முடித்தார்கள். எந்தக் கண்டன வாசகத்தையும்விட அந்த இரவு வேலையையே நான் மேலாக மதிப்பேன்.

பதிவானதை அழிக்க முடியுமா?

முடியும். 1834-இல் அமெரிக்க செனட் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வங்கி விவகாரத்தில் அதிகாரத்தை மீறினார் என்பது புகார். கும்பல் வன்முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் நடைமுறை ஒன்றுதான். பிறகு செனட்டில் அவருடைய கட்சியின் கை ஓங்கியது. 1837 ஜனவரி 16 அன்று பழைய அவைக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் செய்து, அந்தத் தீர்மானத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இழுத்து, செனட்டின் உத்தரவால் நீக்கப்பட்டது என்று எழுதவைத்தார்கள். கோட்டுக்குள் இருப்பதை இன்றும் படிக்கலாம்.

முழு வாசகம் கிடைப்பது இப்போது கடினமில்லை. பெரும்பாலான அவைகள் தங்கள் அன்றாட நடவடிக்கைக் குறிப்பை இணையத்தில் போடுகின்றன. தீர்மானம் நிறைவேறிய தேதி தெரிந்தால் போதும். திருத்தங்கள் எவை வந்தன, எவை தள்ளப்பட்டன, வாக்கு எப்படி எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அரசிடம் ஏதாவது கேட்டிருந்தார்கள் என்றால் அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரக் குறிப்பையும் சேர்த்துத் தேடுங்கள். கேட்டது வந்ததா, யாராவது நினைவூட்டினார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.